அறுபத்தைந்தாம் கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில், பண்டாரவளையில் தேயிலைத் தோட்டப் பெண்கள் கூடி நடத்திய ஜாம் கொட்டகையில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். நெடிய உருவம், கொய்யாக் கறை படிந்த விரல்கள். கூழில் சர்க்கரை எவ்வளவு என்று உள்ளே கோடுகளால் காட்டும் ரிஃப்ரக்டோமீட்டர் என்னும் சிறு குழாய் அவர் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் கண்ணாடியைத் துடைத்து, ஒரு சொட்டை ஆறவிட்டு, தொலைநோக்கி போலக் கண்ணில் வைத்து வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

அன்று அவர்களுடைய முதல் பெரிய ஓடர். ஓடர் கொடுத்த நகரத்து முதலாளி லொறியோடு காத்திருந்தார்.

"என்ன தங்கச்சி, அதுக்குள்ள கப்பலா தெரியுது? போத்தல்ல ஊத்துங்க, நேரமாகுது."

"இன்னும் அறுபத்தஞ்சாம் கோட்டுக்கு வரல மொதலாளி. இப்ப ஊத்தினா கடையிலேயே புளிச்சுப் போகும். அப்புறம் எங்க சரக்க யாரு வாங்குவா?"

"லொறி போயிட்டா?"

"போகட்டுங்க. என்னைய நம்ப வேணாம், நீங்களே பாருங்க."

முதலாளி குழாயை வாங்கிப் பார்த்தார். பிறகு சாரதியிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

கூழ் பதத்துக்கு வந்ததும் முதலாளி கை நீட்டினார். அந்தப் பெண்ணோ குழாயை அடுப்படியில் நின்ற தோழியிடம் கொடுத்தார். தோழி பார்த்து அடுத்தவரிடம் கொடுத்தார். பறித்த கொழுந்தின் நிறையைப் பிறர் சொல்லக் கேட்டே வாழ்ந்தவர்கள், தம் சரக்கின் அளவைத் தாமே உரக்கப் படித்தார்கள். முதலாளி வரிசையின் கடைசியில் நின்றார்.