கதவு மாறி வந்தவர்

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசைகட்டி நிற்கும் நம் பதினாலு செங்கல் வீடுகளின் மேல் ஆணையாக, யாரும் நம்பமுடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன், அதைவிட நம்பமுடியாத செய்தி ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டு ரீட்டா என் வாசலில் வந்து நின்று, "மாமா, அப்பா எந்திரிக்கல" என்றாள். டேனியல் அண்ணாத்த போய்விட்டார்.

நம் வரிசையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புச் செங்கல், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு. முதல் வீட்டில் தும்மினால் பதினாலாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். புதுமாப்பிள்ளை ஒருவர் மூன்று நாள் விருந்து சாப்பிட்ட பிறகுதான் மாமியார் மாறிப்போனதைக் கண்டுபிடித்தார். கதவு மாறி நுழைவது நம் பரம்பரை வியாதி. அந்த வியாதிக்குச் சக்கரவர்த்தி டேனியல் அண்ணாத்த.

கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிட்டையரானவர். "கார்டு வேல இன்னா மச்சான்? பொட்டி எதுனா கயண்டு பின்னால நின்னுகினு கீதான்னு பாக்குறதுதான்" என்பார்.

என் மனைவி சரோஜாவின் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு இரண்டு நாள் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணாத்த உள்ளே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நாஸ்தா ரெடியாம்மா ரீட்டா?"

"அண்ணாத்த, இது என் வூடு."

"அட, கதவு மாறிட்டேன்யா. கண்ணு பேஜாரு பண்ணுது. சரி, வந்தாச்சு, எதுனா போடு."

"எனக்கு சமைக்க வராதே."

"வந்த மாதிரி கிண்டு. நான் இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறேன்?"

அன்று நான் கிண்டிய உப்புமாவை வைத்து வரிசையில் இன்னும் இரண்டு வீடு கட்டியிருக்கலாம். அவர் தின்றார். என் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் கதவு மாறினார். அதற்கு மறுநாளும். நான்கு வருஷத்தில் நாற்பதாயிரம் தடவை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "வாணாம் மச்சான், பயகிடுச்சு" என்பார். அதே கண்ணால் வாசலில் நின்றபடி, ஓடுகிற கூட்ஸின் கடைசிப் பெட்டி நம்பரைப் படித்துச் சொல்வார்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ரீட்டாவிடம், "கடைசிவரைக்கும் கண் ஆபரேஷனுக்கு ஒத்துக்கவே இல்லையேம்மா" என்றேன்.

"இன்னா ஆபரேஷன் மாமா? அவுரு கண்ணுக்கு இன்னா? எங்கூட்ல நாலு இட்லி துன்னுட்டுதான் உங்கூட்டுக்கு வருவாரு. ரெண்டு வாட்டி துன்றியேப்பான்னா, 'நான் போவலன்னா மச்சான் துன்னாதும்மா'ன்னுவாரு."

நடுரோடு என்றும் பாராமல் அழுதேன்.

இப்போதும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். எதிரே ஆளில்லாமல் முதல் வாய் இறங்கத்தான் நேரமாகிறது.

தும்மல், மாப்பிள்ளை, நாற்பதாயிரம் எல்லாம் நான் அளந்தவை, மன்னியுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியம்: அந்த முதல்நாள் உப்புமாவை, வயிற்றில் நாலு இட்லியோடு வந்த மனிதர், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்றார்.