எலும்பும் தோலும்

அந்த வீடியோ கேமில் செத்தவர்கள் நடமாடுவார்கள். கத்தி பிடித்த வீரன் ஒருவன் கோட்டைக்குள் போவான். முதல் வாசலில் எலும்புக்கூடுகள் நிற்கும். அவற்றைத் தாண்டினால் தோல் தொங்கத் தொங்கப் பிணங்கள் நடந்து வரும். அவர்கள் எப்படி இந்தக் கதிக்கு ஆளானார்கள் என்பது ஆரம்பத்திலேயே திரை நிறைய எழுதிக் காட்டப்பட்டது. ஆனால் அது ஜப்பான்காரர்கள் எழுத்து. இரும்புலியூரில் எங்கள் தெருவில் அதைப் படிக்க ஆள் இல்லை.

படித்தவர்போலச் சொன்னது மாமாதான். அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்துகொண்டு பம்மலில் ஒரு டேனரிக்கு, தோல் பதனிடும் வேலைக்குப் போய்வந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்துக் கடையிலிருந்து கேம் பெட்டியை வாடகைக்கு எடுத்து வருவார். அண்ணன் ஆடுவான். நானும் மாமாவும் சுவரில் சாய்ந்து பார்ப்போம். எனக்கு ஏழு வயது.

“இவன் ஏன் மாமா செத்தும் நடந்துகினு கீறான்?”

“பதம் போட்டுட்டானுங்க பாப்பா. ஆட்டுத்தோல சும்மா வுட்டா நாலு நாள்ல அழுவிடும். மருந்துத் தொட்டில ஊறப்போட்டா மக்கவே மக்காது. இவனும் அப்படித்தான். பொதைச்சாங்க, மண்ணு துன்னல, எந்திரிச்சி வந்துட்டான்.”

“அப்ப அந்த எலும்பு?”

“அதுவும் இவனோடதுதான். தோல உரிச்சிகினு பூட்டாங்கல்ல, அதத் தேடிகினு கீது.”

“கத வுடாத மாமா,” என்றான் அண்ணன், திரும்பாமலே, இன்னொரு எலும்புக்கூட்டை வெட்டிக்கொண்டு.

எனக்கு அது கதையாகப் படவில்லை. தேடிக்கொண்டிருப்பவனை வெட்டுவது பாவம் என்றுதான் பட்டது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது அம்மா மாமாவைப் பார்த்து அலுத்துக்கொண்டாள். “வேளைக்குத் துன்றதில்ல. எலும்பும் தோலுமா ஆயிட்டான் பாரு.”

குழம்பைப் பிசைந்துகொண்டிருந்த மாமாவின் கைகளைப் பார்த்தேன். விரல் முட்டிகளில் தோல் தடித்து, வெடித்து, திரையில் நடந்தவர்களின் தோலைப் போலவே இருந்தது. ஆரம்பித்துவிட்டது. இனி தோல் ஒரு பக்கம் போகும், எலும்பு ஒரு பக்கம் போகும். மாமா எந்தப் பக்கம் இருப்பார்?

பயத்தைக் காட்டாமல் கேட்டேன். “பதம் போட்ட தோல மறுபடி பழசு மாதிரி பண்ண முடியுமா மாமா?”

“அது எங்க ஆவும்? எண்ணெய் வுட்டா மெத்துனு ஆவும், அவ்ளோதான்.”

எனக்கு அது போதும். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து கேம் பெட்டி வரும் ஞாயிறெல்லாம் அதுதான் என் வேலை. எண்ணெய் விட்டு, தோல் இன்னும் எலும்போடு ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு வெடிப்பிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். மாமா கையை இழுத்துக்கொண்டதே இல்லை. டிவியைப் பார்த்தபடி, “உஸ்ஸ்… அடிச்சிட்டான் பாரு,” என்பார்.

“எவனும் அடிக்கல, நான் சும்மாதான் நிக்கிறேன்,” என்பான் அண்ணன். மாமா சிரித்துக்கொண்டே அடுத்த கையை நீட்டுவார்.

வைத்தியம் பலித்தது. மாமா பிரியவில்லை. இன்றும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டேன். கால் போன ஊரெல்லாம் போய், கிடைத்த வேலை செய்தேன். ராணிப்பேட்டையில் ஒரு மழைக்காலம் முழுக்க, ஒரு டேனரியில் பச்சைத் தோலில் ஒட்டிய உப்பைத் தட்டி எடுக்கும் வேலை. மூன்றாம் வாரம் கை வெடித்துவிட்டது. அறையில் கூடத் தங்கியிருந்த அக்கா இரக்கப்பட்டு, தேங்காய் எண்ணெய் விட்டு, வெடிப்பில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத்தான் தேய்த்தாள்.

“உஸ்ஸ்,” என்றேன்.

அந்த அறையில் டிவி இல்லை.