கருப்பட்டி போட்ட தரை

எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு என்ன சாமான் வந்தாலும் அது ஒரு நாள்தான் அவர்களுடையது. மறுநாளிலிருந்து தெருவுக்குப் பொது. சாமானைச் சொல்லவில்லை, அதற்கு யோசனை சொல்லும் உரிமையைச் சொல்கிறேன். மூணாறு எஸ்டேட்டில் துரை வீட்டுச் சமையலுக்கு இருந்துவிட்டு ஊர் திரும்பிய பக்கத்து வீட்டுச் சித்தப்பா, காற்றடித்து எரிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரை அப்படியோர் அடுப்பைக் கண்ணால்கூடப் பார்த்திராத எதிர்வீட்டுப் பெரியப்பா முதல் நாளே அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது ஏன் இரைகிறது, எந்தத் திசை பார்த்து வைத்தால் இரையாது என்றெல்லாம் அடித்துப் பேசினார். ஆளாளுக்குத் திருகிப் பார்த்ததில் அந்த வீட்டுச் சின்னம்மா அதில் உலை வைக்கப் பத்து நாளாயிற்று. இவர்கள் யாரும் எனக்குச் சொந்தச் சித்தப்பா பெரியப்பா இல்லை. தெருவில் எல்லாருக்கும் ஒரு முறை உண்டு, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட தெருவில்தான் என் அப்பா சிமிட்டித் தரை போடப் புறப்பட்டார்.

சிமெண்டை அப்போது சிமிட்டி என்றுதான் சொல்வோம். பண்ணைப்புரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த எங்கள் ஊரில் மாதா கோயில் சாமியார் பங்களாவைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. மற்ற வீடுகளெல்லாம் மண் தரை, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சாண மெழுக்கு. கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அப்பா கரும்பலகையில் கோடு போட்டால் நேராக வரும். அதைத் தவிர கைவேலை எதிலும் அவருக்குப் பழக்கம் இல்லை.

அவரை அதில் இறக்கிவிட்டது அம்மா சொல்லியனுப்பிய ஒரு வார்த்தை. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடான கடமலைக்குண்டுக்குப் போயிருந்தாள். தம்பி பிறந்து ஐந்தாம் மாதம் கொண்டுவந்து விடுவதுதான் வழக்கம். எட்டாம் மாதம் ஆகிவிட்டது, தம்பி தவழ்கிறான் என்று செய்தி வந்தது, அம்மா வரவில்லை. தெருவில் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் மாமா மட்டும் வந்தார்.

"மாப்ள, தங்கச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. அந்தத் தரையில எம்புள்ளைய எறக்கிவிட மாட்டேங்குது."

அப்பா கால் கட்டைவிரலால் தரையைக் கீறிப் பார்த்தார். பிறகு, "அடுத்த வெள்ளிக்கெழம கூட்டிட்டு வாங்க. தரை மாறியிருக்கும்" என்றார்.

எனக்கு அம்மா மேல் கோபம்தான் வந்தது. தாத்தா கடமலைக்குண்டுச் சந்தையில் வியாபாரி, அவர் வீட்டில் கல் பாவிய தரை. அதில் இத்தனை மாதம் இருந்ததும் அம்மாவுக்கு எங்கள் வீடு இளப்பமாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் தம்பிக்கும் இடையில் ஒரு தங்கச்சி இருந்தாள். முந்தின வருஷம் ஒரு மத்தியானம் நடுவீட்டில் விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று வீரிட்டாள். தரை வெடிப்பிலிருந்து வந்த தேள் என்றார்கள். சாயங்காலம் சம்மனசாகப் போய்விட்டாள் என்றார்கள். கோயிலில் நான் பார்த்த சம்மனசுகளுக்கெல்லாம், அதாவது தேவதூதர்களுக்கெல்லாம், இறக்கை இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது. அதனால் தங்கச்சி ஏதோ நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். ஏழு வயசில் அதற்கும் தரைக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. யாரும் போட்டுக் காட்டவும் இல்லை.

அப்பாவோடு படித்தவர் ஒருவர் லோயர் கேம்ப் பக்கம் கால்வாய் வேலையில் மேஸ்திரியாக இருந்தார். அவர் இரண்டு மூட்டை சிமிட்டியும் ஒரு கடிதமும் மாட்டு வண்டியில் அனுப்பினார். அப்பா கடிதத்தைத் தெருவில் நின்றே சத்தமாக வாசிக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அதற்குள் தெருவே மூட்டையைச் சுற்றி நின்றது. சிமிட்டி ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, தண்ணீர். வேறு ஒன்றும் சேர்க்க வேண்டாம். மறுநாள் இறுகிவிடும். இறுகியபின் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்கவும்.

"வேற ஒண்ணும் சேக்க வேணாமா?" என்று பெரியப்பா மூட்டையைக் காலால் நெம்பிப் பார்த்தார். "தம்பி, எங்க வீட்டு மச்சு எங்கய்யா போட்டது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய ஊத்திச் சுண்ணாம்ப இருவது நாளு அரச்சாக. இன்னைக்கும் கடப்பாற எறங்காது. வெறுந்தண்ணிய ஊத்துனா எது பிடிக்கும்?"

மூணாறுச் சித்தப்பா குறுக்குச்சால் ஓட்டினார். "துரை பங்களாவுல நான் பாத்தேன்ல. வெறுந்தண்ணிதேன் ஊத்துவாக. காஞ்ச பொறகு தண்ணியக் கட்டி வச்சிருவாக."

"காயணும்னு போட்டுட்டுத் தண்ணியக் கட்டுறதா? அவுகளுக்குத்தான் கிறுக்கு, ஒனக்குமா?"

கொத்தனாரோ, அதைத் தொட்டால் கை வெந்துபோகும் என்று சொல்லி வரவே மறுத்துவிட்டார். ஆகவே அப்பாவே வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டார். கடிதத்தில் இல்லாத எதையும் சேர்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எங்கள் தெருவில் தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா மணல் சலிக்க ஓடைப் பக்கம் போனார். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அடுக்களையில் என்னைக் கூப்பிட்டு நாலு வட்டுக் கருப்பட்டியையும் உலக்கையையும் கொடுத்து இடிக்கச் சொன்னாள். பெரியப்பா வீட்டிலிருந்து கடுக்காய்த் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

"அப்பாட்டச் சொல்லிறாத ஆத்தா. தரை நின்னாத்தான் ஒங்கம்மா வருவா" என்றாள் அத்தை.

நான் சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் நாலு வட்டில் ஏறக்குறைய ஒரு வட்டைத் தின்றுவிட்டேன். இடிக்க இடிக்கத் தெறித்ததைத்தான் முதலில் தின்றேன், பிறகு தெறிக்காததையும் தின்றேன். மிச்சத்தை அத்தை கரைத்து, வடிகட்டி, அப்பா எடுத்து வைத்திருந்த தண்ணீர்ப் பானைகளில் ஊற்றினாள். தண்ணீர் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று அப்பா கேட்டார். கிணறு வற்றுகிறது என்று அத்தை கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் நடுவீடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் தரை விரிந்து கிடந்தது. மூலைகளில் கொத்துக்கரண்டி எட்டாத இடத்தை எல்லாம் அப்பா கையாலேயே அமுக்கி அமுக்கித் தேய்த்தார். சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். ஒரு நூல் நுழைகிற சந்துகூட விடவில்லை. அவ்வளவு அழகான தரையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்து பார்த்தால் தரை களிமண் மாதிரி கிடந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து ஓரத்தில் குந்திக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்கள். அமுக்கிப் பார்க்காமல் யோசனை சொல்வது மரியாதை இல்லையே. வரட்டித் தணல் வைக்கச் சொன்னார் ஒருவர். வைக்கோல் பரப்பச் சொன்னார் ஒருவர். சித்தப்பா தன் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிவந்து உள்ளே ஏற்றி வைத்தார், அது இரைந்தது. செவ்வாய்க்கிழமை தரை நிறைய விரல் தடமாக இருந்தது, காய்ந்தபாடில்லை. அப்பாவின் உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்திருந்தது. சாப்பாட்டை அத்தைதான் பிசைந்து கொடுத்தாள்.

தரை ஏன் இறுகவில்லை என்று ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். நாலு வட்டு போக வேண்டிய இடத்தில் மூன்றுதான் போயிருந்தது. மீதி ஒரு வட்டு என் வயிற்றில். தரை இறுகாவிட்டால் அம்மா வரமாட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. வீட்டில் எல்லாரும் காரணம் தெரியாமல் தவித்தார்கள், எனக்கோ காரணம் தெரிந்த தவிப்பு.

புதன்கிழமை மத்தியானம் அத்தை ஓடைக்குத் துவைக்கப் போன நேரம், உறிப்பானையிலிருந்து ஒரு முழு வட்டை எடுத்தேன். இந்தத் தடவை ஒரு சில்லுகூட வாயில் போடவில்லை. செம்புத் தண்ணீரில் கரைத்து, பனையோலை விசிறியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவீடெங்கும் தெளித்தேன். தெளிக்கும்போது மாதாவை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னேன்.

அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தரையின் நிறமே மாறியிருந்தது. எங்கிருந்துதான் வந்தனவோ, சித்தெறும்பும் செவ்வெறும்புமாகச் சுவரிலிருந்து கோடு கோடாக இறங்கித் தரையெல்லாம் மொய்த்துக் கிடந்தன. விஷயம் காற்றில் போய்த் தெருவே வந்துவிட்டது. மஞ்சள் தூவு, சாம்பல் தூவு, மண்ணெண்ணெய் ஊற்று என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்பா மண்டியிட்டு, அந்தத் தோலுரிந்த கையாலேயே எறும்புகளைத் தள்ளினார். அவை கையில் ஏறிக் கடித்தன. அவர் உதறக்கூட இல்லை.

"இதையா அவகிட்டக் காட்டுறது? இதையா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, "எல்லாரும் போங்க" என்றார். அப்பா யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியப்பாதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் இறங்கினார்.

எல்லாரும் போனதும் அப்பா சுவரோரம் உட்கார்ந்து அழுதார். எறும்புக்காக ஒரு பெரிய மனுஷர் அழுவாரா? எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுகையை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி உண்மையைச் சொல்வதுதான். அத்தை இடிக்கக் கொடுத்த நாலு வட்டில் ஒரு வட்டை நான் தின்றதையும், அதற்கு ஈடாக ஒரு வட்டு தெளித்ததையும் சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை. "மிச்சம் மூணு வட்டு எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார். அத்தை அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அவ வரணும்னுதான்டா போட்டேன்" என்றாள்.

சுண்ணாம்புக்கு உரமாகிற கருப்பட்டிதான் சிமிட்டிக்கு விஷம், இறுகவே விடாது என்று பல வருஷம் கழித்து, நான் வீடு கட்டியபோது ஒரு இன்ஜினீயர் சொன்னார். அந்தத் தரைக்கு அன்று நல்லது செய்தது நான் தின்ற ஒரு வட்டு மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க அப்பா உயிரோடு இல்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். சாம்பல் கோடுகள், விரல் தடங்கள், வரட்டிக் கரி. அப்பா துணி சுற்றிய கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பட்டுமா என்று மாமா மெதுவாகக் கேட்டார். அம்மா அப்பாவின் பின்னால் போய் அந்தக் கைகளை இழுத்துப் பார்த்தாள்.

"யாரு போட்டது? நீங்களா?"

"எறுகலை" என்றார் அப்பா.

அம்மா மாமாவிடம் திரும்பி, "பெட்டிய எறக்குண்ணே" என்றாள். "எறுகுற வரைக்கும் புள்ள கையிலயே இருக்கட்டும்."

மறுநாளே சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டாவது மூட்டையில் மறுபடி போட்டார்கள். பெரியப்பா மணல் சுமந்தார், ஒரு யோசனையும் சொல்லவில்லை. தண்ணீர்ப் பானைக்கு அப்பாவே காவல் நின்றார். ஒரே நாளில் கல்லாகிவிட்டது. பிறகு கடிதத்தில் சொன்னபடி ஒரு வாரம் தண்ணீர் கட்டினார்கள். அந்த நாட்களில் தம்பியை யாரும் கீழே விடவே இல்லை. அம்மா, அப்பா, அத்தை, சித்தப்பா வீட்டுச் சின்னம்மா என்று கை மாறிக்கொண்டே இருந்தான். பெரியப்பா ஒரு மத்தியானம் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தவழத் துடிக்கிற பிள்ளை, திமிறித் திமிறி அழுதான். ஒரு பாயைப் போட்டு விட்டால் என்ன? என்னை எல்லாம் இப்படியா வளர்த்தார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பொறாமையாகவும் இருந்தது.

ஒரு நாள் பிற்பகலில் அவனை என் மடியில் வைத்துவிட்டு அம்மா கொல்லைக்குப் போனாள். அவன் கனம் தாங்காமல் எனக்குக் கால் மரத்துப்போயிற்று. தாழ்வாரத்து மண் தரையில் பாயை விரித்து அவனை விட்டேன். என்ன சந்தோஷம் அவனுக்கு! பாயைத் தாண்டிச் சுவரோரம் போய் மண்ணை அள்ளினான். நானும் கூடவே தவழ்ந்தேன்.

அம்மா போட்ட சத்தத்தில் அத்தை ஓடிவந்தாள். அம்மா தம்பியை வாரித் தூக்கி, கை, கால், அக்குள், காது மடல் எல்லாம் புரட்டிப் பார்த்து அத்தையிடம் கொடுத்தாள். என் முதுகில் ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே என்னை இழுத்து நிறுத்தி, பாவாடையை உதறினாள். கால் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள், சடையை அவிழ்த்துக் கோதிப் பார்த்தாள். பாயைத் தூக்கி உதறி, அது கிடந்த இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அடி வலித்தது. ஆனாலும் அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதோ விலை உயர்ந்த சாமானைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்னம்மா காணாமப் போச்சு?" என்று கேட்டேன்.

அம்மா சுவரோரத்து வெடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் பக்கத்தில் குந்தி, சுவரோரமாகத் தேட ஆரம்பித்தேன்.