ஊர்ப் பேச்சுக்குத் திறந்த பூட்டு

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, புரியவைக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று. ஒருநாள் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். "பூட்டு போட்டவங்களே என்னக் கூப்ட்டு, இத்த ஒடச்சிப் பாருன்னு சொல்றாங்க நைனா. ஒடஞ்சிச்சின்னா எப்டி ஒடஞ்சிச்சின்னு எழுதிக் குடுக்கணும். அதான் என் வேல."

நைனா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நான் கேட்டாண்ட நின்னு எவனையும் உள்ள வுடாம பாத்துக்கினு கீறேன். நீ எல்லார் வூட்டு கேட்டையும் எகிறிக் குதிக்கறதுக்குப் படிச்சிட்டு வந்துக்கிறியா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நைனா சிறு வயதில் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். தடா பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது ஒன்றில் வாசல் காவலாளி ஆனார். அந்த வேலையில் அவருக்கு அலாதிப் பெருமை. ஒருமுறை அவருடைய சொந்தத் தம்பி, எங்கள் சித்தப்பா, அங்கே வேலை கேட்டுப் போனார். நைனா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், ஆனால் உள்ளே போன் செய்து கேட்காமல் விடவில்லை. சித்தப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பொங்கலுக்கும் சண்டை பிடிப்பார்.

எங்கள் ஊர் ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, இரண்டும் கலந்த பேச்சு கடைத்தெருவில். எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் வளர்ந்தேன். படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது. என் குழுவில் சென்னைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். நம் ஆட்கள் என்ற சந்தோஷத்தில் முதல் நாள் மதியம், "வாங்க, துன்னலாம்" என்றேன். எங்கள் ஊரில் சாப்பிடுவதற்கு அதுதான் சொல், அவர்களுக்கு அது கொச்சை. அன்று தொடங்கிய சிரிப்பு பல மாதங்களுக்கு ஓயவில்லை. யாராவது டிபன் டப்பாவைத் திறந்தால் போதும், "என்ன, துன்னலாமா?" என்று என் பக்கம் திரும்புவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் நான் ஆங்கிலம் தவிர வேறு பேசவில்லை. வீட்டுக்குப் போன் செய்ய வேண்டுமென்றால் மாடிப்படிக்குக் கீழே போய்விடுவேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் கல்லூரித் தோழி ஒருத்தி திருப்பதியில் சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி தொடங்கி, வந்துவிடு என்று கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஓட்டலுக்கு மேல் மாடியில் ஒரே அறை. விடிந்ததிலிருந்து சட்னி தாளிக்கிற வாசனை வரும். சம்பளம் குறைவு, ஆனால் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது. கிராமங்களுக்குப் போகும் நர்சுகளுக்கு அவர்கள் போன் கொடுத்திருந்தார்கள். எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம், யாருக்குக் காசநோய், யாருக்கு என்ன மாத்திரை, எல்லாம் அந்தப் போனில் இருக்கும். ஊரில் இந்த விஷயங்கள் வெளியே கசிந்தால் கல்யாணம் நிற்கும், வேலை போகும். அதனால் எல்லாப் போன்களையும் தலைமை அலுவலகத்திலிருந்து கட்டுப்படுத்தும் ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார்கள். தொலைந்த போனை அங்கிருந்தே பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம். புதுப் போனை அதில் சேர்க்க வேண்டுமென்றால் நர்சின் பணியாளர் எண், கடவுச்சொல், அதோடு ஒருமுறை மட்டும் செல்லும் ஒரு பதிவு எண், மூன்றும் வேண்டும். நர்சாக இல்லாத ஒருவர் தன் போனை அதில் நுழைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. போனில் பேசி ஏமாற்றிப் பார்ப்பதற்கும் சேர்த்தே அனுமதி வாங்கியிருந்தோம்.

மென்பொருள் கெட்டியாகத்தான் இருந்தது. பழைய பதிவு எண்ணை மறுபடி போட்டேன், ஏற்கவில்லை. எண்களை மாற்றி மாற்றி ஊகித்தேன், கணக்கையே பூட்டிவிட்டது. பாதுகாப்பு கழற்றப்பட்ட போனை நீட்டினேன், வாசலிலேயே துரத்தியது. போனுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கப் பார்த்தேன், அதுவும் பலிக்கவில்லை. தோழி உற்சாகமாகிவிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. உடைக்கிறவளுக்கு உடையாத பூட்டு பிடிக்குமா?

மிச்சம் இருந்தது ஹெல்ப் டெஸ்க். நர்சுகளுக்கு ஏதாவது தகராறு என்றால் சித்தூரில் இருந்த அந்த மருத்துவமனையின் கிளைக்குப் போன் செய்வார்கள். அங்கே இருப்பவர் விசாரித்துவிட்டுப் புதுக் கடவுச்சொல்லும் பதிவு எண்ணும் கொடுப்பார். பணியாளர் எண்ணுக்கு நான் கஷ்டப்படவே இல்லை. திருப்பதி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்த ஒரு நர்சின் கழுத்து அட்டையிலேயே அது இருந்தது.

மதியம் அழைத்தேன். எடுத்தது ஓர் ஆண், முப்பது வயதுக் குரல். தெலுங்கில் ஆரம்பித்தேன். போன் உடைந்துவிட்டது, புதுப் போன் வாங்கியிருக்கிறேன், பதிவு எண் வேண்டும் என்றேன். நான் வேலையில் சேர்ந்த தேதியை அவர் கேட்டார். ஏதோ உளறினேன். அம்மா பெயரைக் கேட்டார். மழுப்பினேன். "குதரதண்டி" என்றார், முடியாதுங்க என்று. கறாரான குரல். சரி, இதுவும் போச்சு என்று நினைத்து, போனை வைக்கப் போகும்போது எனக்கு நானே முணுமுணுத்தேன். "ஐயே, இப்ப இன்னாடா பண்றது."

நான் வைப்பதற்குள் அவர் அவசரமாகக் கூப்பிட்டார். அந்தக் கறார்க் குரல் காணாமல் போயிருந்தது.

"அக்கா, நீ எந்த ஊருக்கா?"

"நகரியாண்ட" என்றேன்.

"நான் சத்தியவேடுக்கா! ஏங்க்கா தெலுங்குல பேசிக்கினு கீற? மொதல்லயே சொல்ல வேணாவா? இங்க நம்மாளுங்க யாருமே போன் பண்றதில்லக்கா."

எனக்கு வாசல் தெரிந்துவிட்டது. என் தொழில் அது, நுழைந்தேன். பஸ் போய்க்கினு கீது, ஊருல ஒரு புள்ளத்தாச்சி காத்துக்கினு கீது என்று அளந்தேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. புதுக் கடவுச்சொல்லையும் பதிவு எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொல்லி, நான் திருப்பிச் சொன்னதைச் சரிபார்த்தார். கடைசியில், "மத்தியானம் துன்னியாக்கா?" என்று கேட்டார்.

"துன்னேம்ப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். சாப்பிட்டிருக்கவில்லை.

என் போனில் நோயாளிகளின் பட்டியல் திறந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே மூடினேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். தோழி கீழே ஓடிப் போய் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தாள். பஜ்ஜியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. பெங்களூரில் என்னை வாயடைக்க வைத்த பேச்சு இது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அந்தப் பேச்சுக்காக என்னைக் கொண்டாடியிருக்கிறார், நான் அவர் வேலைக்கே உலை வைத்துவிட்டேன்.

பயந்தபடியே நடந்தது. மருத்துவமனையில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி, தமிழும் புரிகிற தெலுங்குக்காரப் பெண்மணி, என் அறிக்கையை வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "எண்ணைக் கொடுத்தது யார்?"

பெயரை எழுதுவது எங்கள் வழக்கமில்லை என்றேன். அழைப்புகள் பதிவாகின்றன, தானே கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்றார். ஒப்பந்த வேலைதான், இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார்.

எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. "அனுப்புங்க மேடம். அடுத்து மதனப்பள்ளிக்காரர் வருவார். அவர் மதனப்பள்ளிக்காரங்களுக்குக் கொடுப்பார்" என்றேன். தோழி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. சேர்ந்த தேதியும் அம்மா பெயரும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைச் சொல்கிறவள் நர்சுதான் என்று நம்பச் சொன்னது யார்? பேசுகிறவளிடமே நீ யார் என்று கேட்டால் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்வாள். பேச்சைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. போனை வைத்துவிட்டு, அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் நர்சின் போன் நம்பருக்கு ஹெல்ப் டெஸ்க்காரரே திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்தப் போனே தொலைந்துவிட்டதென்றால் நர்சுகளை மேற்பார்வை செய்கிற மூத்த சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இதைச் சொல்லும்போது என் மனதில் நைனாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவும்தான் இருந்தார்கள்.

மேடம் என் அறிக்கையை மறுபடி ஒருமுறை புரட்டினார். "சரி. இந்த விதியை ஹெல்ப் டெஸ்கில் சொல்லிக்கொடுங்கள். பிறகு நீங்களே மறுபடி அவரைக் கூப்பிடுங்கள். ஏனோதானோ என்று கூப்பிடக் கூடாது, நிஜமாக முயற்சி செய்ய வேண்டும். பதிவை நான் கேட்பேன். அப்போதும் கொடுத்தால் அவர் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

பயிற்சி கொடுக்கச் சித்தூருக்குத் தோழிதான் போனாள். என் குரலைக் கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று நான் போகவில்லை. அவர் எப்படி இருந்தார் என்று அவளிடம் கேட்டேன். "முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொண்ணு பிறந்திருக்காம், எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்" என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று அவள்மேல் கோபம் வந்தது.

மறுபடி கூப்பிட வேண்டிய நாள் வந்தது. வேண்டுமென்றே சொதப்பலாமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் நான் விட்டுக்கொடுத்து அவர் தப்பித்தால், அடுத்து நிஜத் திருடன் கூப்பிடுவான், காசநோய்க்காரர்களின் பெயர்கள் தெருவுக்கு வரும். அதனால் என்னிடம் இருந்ததிலேயே பெரிய ஆயுதத்தை எடுத்தேன். திருப்பதிப் பக்கத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாத காரணம் ஒன்று உண்டு. மலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டால் போதும். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாங்கி வைத்துவிடுவார்கள். தரிசனம் முடிந்து எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீடானாலும் கோர்ட்டானாலும் அதற்கு மறுபேச்சில்லை.

வேறொரு நர்சின் எண், கொஞ்சம் மாற்றிய குரல், ஆனால் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. முதல் வார்த்தையிலேயே ஆரம்பித்தேன். "யப்பா, நம்மூர்ப் பேச்சு பேசறவுரு ஒருத்துரு கீறாருன்னு சொன்னாங்க, நீதானாப்பா அது?"

"ஆமாக்கா, நாந்தான்" என்றார் மகிழ்ச்சியாக.

போன் ஏரியில் விழுந்துவிட்டது என்றேன். ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்றேன். அழக்கூடச் செய்தேன்.

"அழாதக்கா. பட்டியல்லாம் இங்க டாக்டர்கிட்ட கீது. இந்த லைன்லயே இரு, டாக்டர சேத்து வுடறேன், அவுரு பாத்து சொல்லுவாரு. எண்ணு மட்டும் சிஸ்டர கேட்டுத்தான் தருவேன்."

"சிஸ்டரு மலைக்குப் போய்க்கிறாங்கப்பா. காத்தாலயே நடந்து ஏறிப் போனாங்க. போன வாங்கி வெச்சிக்கினாங்களாம்."

கொடுத்துவிடாதே, கொடுத்துவிடாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சரிக்கா" என்றார். "அவங்க தரிசனம் முடிச்சி எறங்கி வரட்டும். அது வரைக்கும் நான் இங்கயே கீறேன். ஆபீஸ் மூட்னாலும் வூட்டுக்குப் போவ மாட்டேன். அவங்கள கேட்டுட்டு நானே உன்னக் கூப்புடறேன். கோச்சிக்காதக்கா, நம்மூரு பொண்ணுன்னுதான் இவ்ளோ நேரம் பேசறேன். டாக்டர குடுக்கட்டுமா?"

வேண்டாம்ப்பா, டாக்டர் நம்பர் கீது, நானே பேசிக்கிறேன் என்றேன். அழுகை இப்போது நடிப்பில்லை.

"துன்னியாக்கா நீ?"

"இன்னும் இல்லப்பா." அந்த அழைப்பு முழுவதிலும் நான் சொன்ன ஒரே உண்மை அது.

"மொதல்ல போய் துன்னு. நான் கீறேன்."

மேடத்துக்குச் செய்தி சொன்னேன். ஏதோ கூட்டத்தில் இருந்தார், பிறகு கேட்கிறேன் என்று வைத்துவிட்டார். தோழி சாப்பாடு வாங்கி வரட்டுமா என்றாள், எனக்கு இறங்காது என்றேன். வெளியே வெயில் சாய்ந்தது, பஸ் ஸ்டாண்டில் விளக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மேடம் கூப்பிட்டார்.

"பதிவைக் கேட்டேன். உங்கள் அழுகை நன்றாக இருந்தது" என்றார். பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "சித்தூருக்குப் போன் செய்தேன். எல்லோரும் போய்விட்டார்கள், அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், ஒரு சிஸ்டர் மலையிலிருந்து இறங்க வேண்டும் மேடம், ஒரு அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"சிஸ்டர் இறங்கிவிட்டார், அக்காவுக்குப் போனும் கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பாருங்கள் என்றேன். நாளைக்கும் வேலைக்கு வரச் சொன்னேன்."

போனை வைத்துவிட்டு, தோழியைப் பார்த்து அந்த அறையே கேட்கும்படி, "வா, துன்னலாம்" என்றேன். படியிறங்கிக் கீழே ஓட்டலுக்குப் போனோம்.