மேட்டிலிருந்து பார்த்த ரயில்

போன வாரம் சமையல்கட்டில் கிராம்பு தேடினேன். சமைக்க அல்ல, பல்வலிக்கு. மனைவி வீட்டில் இல்லை. அலமாரியின் கடைசித் தட்டில், ஏலக்காய் போத்தலுக்குப் பின்னால், சாம்பல் நிற மூடி போட்ட ஒரு குட்டிக் கறுப்பு டப்பா இருந்தது. திறந்தேன். கிராம்புதான். ஆனால் அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று, லேசான புளிப்போடு, மருந்துக்கடையை நினைவூட்டுவது போல. பழைய பிலிம் டப்பா. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். திருநீறு, ஊக்கு, கடுகு என்று எதையெல்லாமோ அதில் போட்டு வைத்தோமே, அதுதான். பல்வலியை மறந்து கொஞ்ச நேரம் அதை மோந்துகொண்டு நின்றேன்.

நானும் லோகுவும் ரயிலைப் படம் பிடித்துத் திரிந்த நாட்களின் வாசனை அது.

லோகு என்னோடு மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அவன் மெஷின் பழுது பார்ப்பான். நான் முடிந்து வரும் சாமான்களைப் பூதக்கண்ணாடியில் சோதிப்பேன். நாள் முழுக்க நகத்தளவுப் பொருளையே பார்த்துக் கொண்டிருந்ததாலோ என்னவோ, ஓய்வு நாளில் எங்களுக்குப் பெரியதாக, சத்தமாக, தூரத்திலிருந்து வருகிற ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்த எனக்கு ரயிலே அதிசயம்தான். ஒரு காலத்தில் மலாக்கா டவுன் வரைக்கும் ரயில் ஓடியதாம். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டான் என்பார்கள். எங்களுக்கு மிஞ்சியது மாநில எல்லையில் இருக்கும் புலாவ் செபாங் ஸ்டேஷன் ஒன்றுதான்.

ஆனால் நாங்கள் போனது அதற்கும் அப்பால், கெமாஸ் ஜங்ஷனில் பிரிந்து கிளந்தான் பக்கம் போகும் மலைப் பாதைக்கு. ஒற்றைத் தண்டவாளம். குவா மூசாங் ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் காட்டுக்குள்ளிருந்து திடுதிப்பென்று எழுந்து நிற்கும். அங்கே ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மேடு. அதில் ஏறினால் ஆறு, இரும்புப் பாலம், பின்னால் குன்று, எல்லாம் ஒரே படத்தில் அடங்கும். ரயில் மட்டும் வர வேண்டும். வரும். எப்போது என்பதுதான் அதற்கே தெரியாது.

அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "பொண்ணு பாக்கப் போலாம்னா மாட்டேங்குற. ரயில பாக்க அவ்ளோ தூரம் போற. அது என்னா, ஒன்னக் கட்டிக்கவா போவுது?" என்பார்.

அப்படிப் போன ஒரு நாளில், எதிர் வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. நாங்கள் இறங்கி என்ஜினைப் படம் எடுத்துக் கொண்டிருந்தோம். மேலேயிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது.

"என்னா தம்பி, என்ஜினையே சுத்திச் சுத்தி எடுக்கிறீங்க? ஓட்டுறவன எடுக்க மாட்டீங்களா?"

ஓட்டுநர் இறங்கி வந்தார். பெயர் முத்தையா. நரைத்த மீசை, கையில் கிரீஸ் படிந்த துணி. சிரித்துக்கொண்டே கேட்டவர், அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வாரத்தோட பென்ஷன் தம்பி. இத்தனை வருசத்துல வேலையில இருக்கிற மாதிரி ஒரு படங்கூட வீட்டுல இல்ல."

லோகு அவரை என்ஜின் படியில் நிற்க வைத்தான். சட்டைக் காலரைச் சரிசெய்தார். கைப்பிடியைப் பிடித்தார். சிரிக்கலாமா என்று கேட்டார். எட்டுப் படங்கள் எடுத்தோம். புலாவ் செபாங் வீட்டு முகவரியைப் பிலிம் பெட்டியின் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

ஜாசினில் படம் கழுவும் கடை வைத்திருந்த சீனர் மறுவாரம் சுருளை நீட்டிப் பிடித்துக் காட்டினார். "கோசோங் லா." காலி. ஒரு படமும் விழவில்லை. பிலிம் கேமராவின் பல்சக்கரத்தில் மாட்டாமலேயே எண்ணிக்கை மட்டும் ஓடியிருக்கிறது.

அதை மாட்டியவன் நான்தான். ஓடும் ரயிலில், ஒரு கையில் கறிபாப் பலகாரத்தை வைத்துக்கொண்டு மாட்டினேன். லோகு என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அட்ரஸ் தொலைஞ்சிருச்சின்னு நெனச்சிக்குவாருலா," என்றேன்.

"அவரு தெனம் போஸ்ட்மேனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு," என்றான் லோகு.

அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மோட்டார் சைக்கிளில் போனோம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். முத்தையாவின் மனைவி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "படம் வந்திருச்சா தம்பி?" ஹாலில், முருகன் படத்துக்கும் மகளின் கல்யாணப் படத்துக்கும் நடுவே, புது ஆணி ஒன்று அடித்திருந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் போயிற்று.

"படம் விழல அங்கிள். பிலிம நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

முத்தையா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"யூனிபார்ம் போட்டுக்கிட்டு வாங்க அங்கிள், இங்க ஸ்டேஷன்லயே எடுத்திரலாம்," என்றான் லோகு.

"வேணாம்பா. அது முடிஞ்சிருச்சி. இனிமே போட்டா கூத்துல வேஷம் கட்டின மாதிரி இருக்கும்."

விடைபெற எழுந்தோம். அப்போதுதான் அவர், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்பவர் போல, தயங்கிக் கேட்டார்.

"குவா மூசாங் தாண்டி ஆத்து மேல இருக்கிற அந்தப் பாலத்துல வண்டி போறது வெளிய இருந்து பாத்தா எப்படிப்பா இருக்கும்?"

"நீங்க பாத்ததே இல்லையா அங்கிள்?"

"நான் எங்க பாக்குறது? உள்ளதானே இருந்தேன்."

அடுத்த மாதம் மூவருமாகப் போனோம். அவர் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார். குவா மூசாங் வருவதற்குள் அதையே சாப்பிட்டுப் பசியாறிவிட்டோம். பயணியாக உட்கார அவருக்குத் தெரியவில்லை. வளைவு வந்தால் தோள் இறுகும். "இப்ப ஹாரன் அடிக்கணும்," என்பார் வாய்க்குள். சொல்லி முடிப்பதற்குள் ஹாரன் கேட்கும்.

மேட்டில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். தூறல் வந்தது, போனது. அட்டை கடித்தது. நான் பிலிம் சுற்றும் குமிழைப் பத்துத் தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன். பிறகு குன்றுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. முத்தையா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக் கொண்டார்.

ரயில் பாறையை ஒட்டித் திரும்பி, மூடுபனிக்குள்ளிருந்து பாலத்தில் ஏறியது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ரயிலை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு அடி பின்னால் போய், அவர் முதுகையும் சேர்த்து எடுத்தேன்.

கடைசிப் பெட்டி காட்டுக்குள் மறைந்த பிறகும் அவர் திரும்பவில்லை.

"இவ்ளோ அழகாவா நான் போயிருக்கேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்சிருந்தா இன்னுங்கொஞ்சம் மெதுவா ஓட்டியிருப்பேன்."

லோகு என்னைப் பார்த்தான். நான் பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

இந்தத் தடவை படம் விழுந்தது. சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "மொகமே தெரியலியே," என்று குறைப்பட்டார் அவர் மனைவி. "மொகம் எதுக்கு? வண்டி தெரியுதில்ல," என்று சொல்லி முத்தையாவே ஆணியில் மாட்டினார்.

முத்தையா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. லோகு ஜோகூருக்கு வேலை மாறிப் போனான். தீபாவளிக்கு ஒரு செய்தி அனுப்புவான். ஜாசினில் அந்தச் சீனரின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். ரயிலும் மாறிவிட்டது. தனியாக என்ஜின் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே முகம். உள்ளே நல்ல குளிர்ச்சி. சொன்ன நேரத்துக்கு வருகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வருடம் மகளோடு அங்கே போனேன். மேட்டில் காடு ஏறிவிட்டதால் ஆற்றங்கரையில் நின்றுகொண்டோம். முன்பெல்லாம் பாலத்தில் வண்டி வரும்போது திறந்த ஜன்னல்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகும் மலாய்ப் பெண்களும் கையை நீட்டி அசைப்பார்கள். இன்னார் என்று தெரியாது; நாங்களும் அசைப்போம். அன்றும் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினேன். கறுப்புக் கண்ணாடி ஜன்னல்கள் வரிசையாகக் கடந்தன. உள்ளே யாராவது அசைத்தார்களா என்று தெரியவில்லை.