அத்தை கட்டிய எஞ்சின்

விலை பேசி முடித்த காரை எடுத்துப்போக வந்தவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே எஞ்சின் இல்லை. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை முழங்கை வரைக்கும் கிரீஸோடு நின்றிருந்தாள்.

“எஞ்சின் எங்க?” என்றார் அப்பா.

“இறக்கிட்டனுங்கண்ணா. அந்த மூலையில பிரிச்சுப் போட்டிருக்கறேன்.”

வந்தவர், “எஞ்சின் இல்லாத வண்டிய நான் என்னங்க பண்றது?” என்று மரியாதையாகவே கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் படித்துவிட்டு வந்தவளை அப்பா எங்கள் பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் அனுப்ப உட்கார வைத்திருந்தார். வரன் அமைகிற வரைக்கும் என்று பேச்சு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடோனில், அப்பாவின் அப்பா விட்டுப்போன கார் நின்றது. நீண்ட மூக்கும் அகன்ற இடுப்புமாகப் பழைய காலத்துப் பெரிய வண்டி. வருஷக்கணக்காக அதன் தலைமேல் துணி பண்டல்களைத்தான் அடுக்கியிருந்தார்கள். அது போனால் இன்னும் கொஞ்சம் பண்டல் வைக்கலாம் என்று அப்பா நினைத்தார். அதை இரண்டிரண்டு வண்டியாக நேர் ரோட்டில் விடுகிற பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று அத்தை நினைத்தாள். இரண்டு பேரும் இதைப் பேசித் தீர்க்கவில்லை. அப்பா விலை பேசினார். அத்தை, துணி ரோல் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி எஞ்சினை இறக்கினாள். நட்டுகளைப் பிரித்துப் பழைய சாப்பாட்டு டப்பாக்களில் போட்டது நான். எனக்கு ஒன்பது வயது. நகத்தில் ஏறிய கறுப்பைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களிடமும் காட்டினேன்.

அதன் பிறகு எஞ்சினை உடனே கட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கட்டிங் மேசைச் சாக்பீஸை எடுத்துவந்து குடோன் தரையில் வரைய ஆரம்பித்தாள். வரைவாள், யோசிப்பாள், காலால் அழிப்பாள். எல்லாவற்றிலும் இருப்பதிலேயே பெரியதை வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“எங்க ஓட்டப்போறோம்னு மொதல்ல முடிவு பண்ணோணும் கண்ணு. பெரிய கேம் ஷாஃப்ட் போட்டா வேகம் புடிச்சப்பறம் பறக்கும், கெளம்பறப்பத் திணறும். நமக்குக் கெளம்பறதுதான் முக்கியம். கம்ப்ரஷனை ஏத்துனா நம்மூரு பெட்ரோல் தாங்கோணும். அதெல்லாம் சரியாப் போச்சுன்னா, நிறுத்தறதுக்கு பிரேக் வேணுமில்ல?”

பிஸ்டன், இரட்டைக் கார்புரேட்டர், சைலன்சர், ரேடியேட்டர் என்று தரை முழுக்கக் கோடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. ஒன்றை மாற்றினால் நாலு இடத்தில் அழிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பொங்கலூர்ப் பக்கமிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, நகமெல்லாம் இப்பிடிக் கறுத்திருக்குது?”

“எஞ்சின் கட்டறனுங்க. வாங்க, காட்டறேன்.”

எங்கள் பக்கத்தில் வாங்க என்று கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் இல்லை. பட்டுச் சேலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் குடோனுக்கு வந்தார்கள். அத்தை வரிசையாக விளக்கினாள். மாப்பிள்ளை மட்டும் குனிந்து எதையோ கேட்க வாயெடுத்தார். அவருடைய அப்பா முந்திக்கொண்டார்.

“கல்யாணத்துக்கப்புறம் இதையெல்லாம் உட்டுருவீங்கல்லோ?”

“இல்லீங்க. வண்டியும் என்னோடதான் வரும்.”

காப்பி குடித்துவிட்டு, போயிட்டு வர்றோமுங்க என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா ஹோஸ் பைப்பைப் பிடித்துக் குடோன் தரையைக் கழுவினார். சாக்பீஸ் பால் மாதிரிக் கரைந்து வாசல் வழியாக ஓடியது. நான் அழுதேன். அத்தை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று முழுவதையும் பார்த்தாள்.

“தரையத்தானுங்கண்ணா கழுவுனீங்க” என்றாள்.

காலையில் தரை காய்ந்ததும் மறுபடி வரைந்தாள். இந்த முறை படம் வாசற்படி வரைக்கும் வந்தது. பண்டல் எடுக்க உள்ளே வந்த அப்பா கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார்.

எஞ்சினைக் கட்டி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கோயம்புத்தூருக்கு வெளியே நடந்த பந்தயத்தில் முதல் ஓட்டத்தில் ஜெயித்தாள். அடுத்ததில் ஒரு புதிய வெளிநாட்டுக் கார் அவளை எளிதாகத் தாண்டிப் போனது. எனக்கு மானமே போய்விட்டது. அவளோ இறங்கி ரேடியேட்டரின் முன்னால் கையை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். “சூடே ஏறல பாரு கண்ணு!” வரவே மாட்டேன் என்று சொல்லியிருந்த அப்பா வேலியோரம் நின்று யாரிடமோ, “எந் தங்கச்சிதானுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை, என்னோடு பந்தயம் பார்க்க வந்திருந்த அம்மாவிடம் சாவியை நீட்டினாள்.

“ஒரு ரவுண்டு ஓட்டறீங்களா அண்ணி?”

எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் பின்சீட்டில் இடது பக்கம் உட்காருகிறவள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நான் சிரித்தேன். அம்மா அப்பா நின்ற பக்கம் திரும்பவே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், குனிந்து பார்க்காமல் முதல் கியரைப் போட்டாள். அத்தை பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவு முரட்டு எஞ்சின் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பிப் போனது. தூரத்தில் அம்மா வேகத்தைக் கூட்டும் சத்தம் கேட்டது. அப்பா வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கே கற்றுக்கொண்டாள், எப்போது விட்டாள், யாருக்காக விட்டாள் என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவும் இல்லை. என்னை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்ற ஆத்திரத்தில், கல்லைக் காலால் எத்திக்கொண்டு நின்றிருந்தேன்.