ஒரே அளவில் இரண்டு மீன்கள்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், புனே ஹிஞ்சேவாடியில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் ஒரு உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு மீன். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. வெள்ளை உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள். பவளப்பாறைகளில் வாழும் இனம். கடலில் கூட்டமாக இருக்கும். ஆபத்து என்றால் அத்தனையும் ஒரே பவளக் கிளைக்குள் புகுந்துகொள்ளும். என் மீனுக்குக் கிடைத்தது ஒரு துண்டுப் பாறைதான்.

மாமியார் இறந்தபின் மாமனாரைக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து அழைத்து வந்திருந்தோம். எங்களோடே தங்கிவிடுவார் என்று மனதார நம்பினேன். ஆனால் டிவி சத்தம், பால்கனிக் கதவு என்று எல்லாவற்றுக்கும் அவருக்கும் என் கணவருக்கும் சண்டை. இருவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால்.

நாங்கள் ஆபீஸ் வண்டி ஏறியபின் மாமனாருக்குத் துணை அந்த மீன்தான். "ஒத்தையில கெடக்குது அம்மணி, ஒரு ஜோடி சேத்து உடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கூட்டிப்போனேன். அவர் உழவு மாடு பிடித்துப் பழகியவர். ஜோடி மாடு ஒரே உயரம் இருந்தால்தான் நுகம் சாயாது. அதே கண்ணோடு, "இது ஒரு நூலு கொறச்சல்" என்று ஒவ்வொரு மீனாகத் தள்ளினார். "காகா, சப் சேம் ஹை", எல்லாம் ஒரே அளவுதான் பெரியவரே என்று கடைக்காரர் இந்தியில் நொந்துகொண்டார். கடைசியில் அச்சு அசலாக அதே அளவில் ஒன்று கிடைத்தது.

அதுதான் வினையாயிற்று. இந்த மீன்களுக்குள் அளவுதான் அந்தஸ்து என்று அன்றிரவு இணையத்தில் படித்தேன். சின்னது வந்தால் கடைசி இடத்தில் இருக்கவிடும். சரிசமமாக ஒன்று வந்தால் பொறுக்காது. பழையது புதியதைத் துரத்தித் துரத்திக் கடித்தது. புதியது துடுப்பு கிழிந்து ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

"சின்னதாப் பாத்து எடுத்திருந்தா அடங்கி இருந்திருக்குமுங்க மாமா" என்றேன். அவர் குனிந்து, குழாய்க்குப் பின்னால் ஒண்டியிருந்த மீனைப் பார்த்தார்.

மறுநாள் லீவு போட்டு, அவரோடு போய்ப் புதிய மீனைத் திருப்பிக் கொடுத்தேன். திரும்பும்போது ஆட்டோவில் சொன்னார்: "எனக்கும் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டுரு அம்மணி."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமுங்களா?"

"கேட்டா உடமாட்டான். அதுக்கும் சண்டைதான் புடிப்பான்."

அவர் சொன்னது உண்மை; என் கணவர் விடவே மாட்டார். சாயங்காலம் கணவர் வீடு வந்து சேர்வதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன்.